பாதை எப்போது வரும்? காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடப்பது

2025 மார்ச் 18, காலை. தேவகோட்டையிலிருந்து ஒரு கேள்வி

வரும் மே விடுமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய், அங்கே வேன் அமர்த்திக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுகளை நான்கு நாள் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். தாயாருக்கு 76 வயது, முழங்கால் வலி உண்டு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் உள்ள கடலை வேனோடு மிதவையில் கடக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த வேலையே வேண்டாம், யாழ்ப்பாணம் வழியாகச் சுற்றிப் போங்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். அண்மையில் போய்வந்தவர்கள் எது சரி என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

2025 மார்ச் 18, இரவு. கானாடுகாத்தானிலிருந்து

தாராளமாக வேனோடு கடக்கலாம். நாங்கள் இம்மாத முதல் வாரத்தில்தான் போய்வந்தோம். என் ஆத்தாவுக்கு, அதாவது தாயாருக்கு, 79 வயது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆத்தா என்று ஐந்து பேர். கட்டணம் கிடையாது. கடலில் இருக்கும் நேரம் கால் மணிகூட ஆகாது. சுற்றிப் போவதென்றால் காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலம் வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்து, பண்ணைப் பாலத்தின் மேல் ஏறி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆகவே மிதவையே நல்லது.

அந்த மிதவைக்கு அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாதை' என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். செய்தித்தாள்களில் 'கடற்பாதை' என்றும் எழுதுகிறார்கள். எங்கள் ஓட்டுநர் காரைநகர்த் துறையில் வண்டியை நிறுத்திவிட்டு, "பாதை இப்ப வரும் ஐயா, இறங்கி நில்லுங்கோ" என்றார். ஆத்தா என்னைப் பார்த்து, "பாதை எப்படியப்பா வரும், நாமல்ல பாதைக்குப் போகணும்?" என்று கேட்டார்கள். எனக்கும் அப்போது விளங்கவில்லை. சற்று நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து ஓர் இரும்புத் தளம், மேலே மோட்டார் சைக்கிள்களும் ஆட்களுமாக, தெருவின் ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்து வந்ததைப் போல மெல்ல நகர்ந்து வந்தபோதுதான் பெயரின் பொருத்தம் புரிந்தது.

2025 மார்ச் 19, காலை

நேற்று எழுதியதில் கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கு மட்டுமானது, கார் ஏற்ற முடியாது. 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழையால் நின்றுபோன சேவை இது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடுகிறது. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய கப்பலில் ஏறுகிறோம் என்பதில் ஆத்தாவுக்குத் தனி மகிழ்ச்சி. துறைமுகத்தில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்கள். கப்பல் காலையில் புறப்படுவதால், முதல் நாளே காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகப் போய் நாகையில் இரவு தங்கிவிடுவது நல்லது. எங்கள் காரைத் தங்கிய விடுதியிலேயே விட்டுச் சென்றோம்.

கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வயிற்றைப் புரட்டும் என்று அஞ்சுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட வேண்டாம். என் மகளுக்கு மூன்றாவது மணி நேரத்தில் குமட்டல் வந்தது. தண்ணீரைக் குனிந்து பார்ப்பதை விட்டுவிட்டுத் தொலைவில் அடிவானத்தையே பார்த்துக்கொண்டு இருக்கச் சொன்னதும் சற்றுத் தணிந்தது. சுமைக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் சீட்டு எடுக்கும்போதே எத்தனை கிலோ என்பதைப் படித்துவிடுங்கள். ஆத்தா கொண்டுவந்த மனகோலச் சம்படமும் சீப்புச்சீடைச் சம்படமும் (செட்டிநாட்டுப் பலகார டப்பாக்கள்) எடையில் தப்பிவிட்டன.

2025 மார்ச் 19, மாலை

கேட்டவர் மீண்டும் கேட்டிருக்கிறார்: தளத்தில் ஏறும் இடம் வழுக்குமா? வழுக்கும். கரை என்பது கடலுக்குள் சரிந்து இறங்கும் சிமெண்டுத் தளம். தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில் பாசி படிந்திருக்கிறது. பாதையின் முன்பலகை அந்தச் சரிவின் மேல் இறங்கி உட்காரும்போது பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் தண்ணீர் 'சளக், சளக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். தாயாரைச் செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள், வெறுங்காலுக்குத்தான் அது அதிகம் வழுக்குகிறது. ரப்பர் அடியுள்ள செருப்போடு, இருபுறமும் இருவர் பிடித்துக்கொண்டு, பலகை நன்றாக அமர்ந்த பிறகே காலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேனுக்குள் உட்காரவைத்தபடியே ஏற்றிவிடலாம் என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் ஓட்டுநரைத் தவிர எல்லோரும் இறங்கித்தான் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீரின் மேல் பூட்டிய வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது நியாயமானதுதான்.

2025 மார்ச் 22

மூன்று நாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதிவிடுகிறேன். 'தாராளமாக வேனோடு கடக்கலாம்' என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

நாங்கள் கடந்தது ஒரு வேலைநாள் காலை, ஏழு மணியை ஒட்டி. இரவு காரைநகரில் கசூரினா கடற்கரைக்குப் பக்கத்தில் தங்கியிருந்ததால் துறைக்கு முதலில் வந்து சேர்ந்த வண்டி எங்களுடையதே. எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வந்து வந்து நின்றன. பள்ளிக்குப் போகும் ஆசிரியர்கள், மீன்பெட்டி கட்டிய ஒருவர், மருத்துவமனைக் கோப்பைக் கையில் வைத்திருந்த ஒரு முதியவரும் அவர் மகனும். பாதை வந்ததும் வேனை முதலில் ஏற்றினார்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார்கள். வேன் தளத்தின் நடுவில் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டது. மிச்சம் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்களைக் கைப்பிடியோடு கைப்பிடி உரச நெருக்கி நிறுத்தினார்கள். அப்படியும் நான்கைந்து வண்டிகளுக்கு இடம் இல்லை. சேலை கட்டித் தலைக்கவசம் அணிந்த ஓர் ஆசிரியை, தன் ஸ்கூட்டரைப் பலகை வரை உருட்டிக்கொண்டு வந்தவர், ஒன்றும் சொல்லாமல் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போய் நிழலில் நின்றார். அடுத்த முறைக்கு அவர் காத்திருக்க வேண்டும்.

தளம் கரையை விட்டு விலகியதும் ஆத்தா சொன்னார்கள்: "நம்மளால அந்தப் பிள்ளை நின்னுபோச்சே."

எனக்கு அந்த நேரத்தில் பதில் சொல்லத் தோன்றவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கே கடலின் நடுவில் நிற்கும் பழைய கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசிக்கும்போது, விடுமுறைக்குப் போன நமக்கு அது ஒரு காட்சி, அவர்களுக்கு அது தெரு. காரைநகர்க்காரருக்கு ஊர்காவற்றுறைப் பள்ளிக்கும் சந்தைக்கும் போக அந்தத் தளத்தை விட்டால் 40 கிலோமீட்டர்ச் சுற்று. ஓட்டுநரோடு கூடிய வேன் கையில் இருக்கும் நமக்கு அந்தச் சுற்று ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே என் இப்போதைய கருத்து இது. பாதையில் கட்டாயம் கடந்து செல்லுங்கள், ஆனால் வேனை ஏற்றாதீர்கள். துறையில் இறங்கிக்கொண்டு வண்டியைப் பண்ணைப் பாலம் வழியே அனுப்பிவிட்டு, நீங்கள் ஆளாக மட்டும் ஏறிப் போங்கள். ஆட்கள் நிற்க எப்போதும் இடம் இருக்கிறது. காலையில் பள்ளி, அலுவலக நேரத்தைத் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

2025 மார்ச் 23

"இவ்வளவு யோசிக்க வேண்டுமா, வரிசையில் முதலில் நின்றவர் ஏறுவதுதானே முறை" என்று பள்ளத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். முறைதான். எங்களை யாரும் குறை சொல்லவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நம் ஊர்ப் பேருந்தில் மூட்டை முடிச்சோடு ஏறி, பள்ளிப் பிள்ளைகள் ஏற முடியாமல் நின்றால் நமக்கு என்ன தோன்றுமோ, அதுதான் எனக்குத் தோன்றியது.

நடந்து ஏறும் யோசனை வெறும் யோசனை அல்ல. மூன்றாம் நாள் நாங்கள் அப்படியே செய்தோம். நெடுந்தீவு போய்த் திரும்பிய பிற்பகல், ஊர்காவற்றுறையில் இறங்கிக்கொண்டு வேனை யாழ்ப்பாணம் வழியே அனுப்பினோம். நாங்கள் பாதையில் காரைநகருக்கு வந்து, ஆட்டோ பிடித்து, ஈழத்துச் சிதம்பரம் என்று வழங்கும் சிவன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வேன் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றேகால் மணி நேரம் எங்கள் நான்கு நாளில் எங்கும் ஓடாமல் இருந்த ஒரே பொழுது. எரிபொருளுக்கும் நேரத்துக்கும் சேர்த்து ஓட்டுநருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.

2025 மார்ச் 27

பாதையிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டிய அந்தக் கோட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 'கடற்கோட்டை' என்கிறார்கள். போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் அதற்கு 'ஹம்மன்ஹீல்' என்று பெயர் வைத்தார்கள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித் தொடையைப் போலத் தெரிந்ததாம். அதன் குதிகால் இருக்கும் இடத்தில் கோட்டை இருப்பதால் அந்தப் பெயர். நீண்ட காலம் சிறையாக இருந்து, இப்போது கடற்படை நடத்தும் விடுதியாக இருக்கிறது.

ஊர்காவற்றுறைக்கு 'காய்ட்ஸ்' என்ற இன்னொரு பெயர் வந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. போர்த்துக்கீசர் அதை 'யானைகளின் துறை' என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். அதில் 'துறை' என்ற சொல் மட்டும் தேய்ந்து 'காய்ட்ஸ்' ஆகிவிட்டது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இங்கிருந்துதான் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பாய்மரக் கப்பலில் யானையை எப்படி நிறுத்தியிருப்பார்கள் என்று என் மகன் கேட்டதற்கு, வேனுக்கு மரக்கட்டை வைத்தவரே, "அதுக்கும் கட்டைதான் வைச்சிருப்பினம் தம்பி" என்றார்.

2025 ஏப்ரல் 3

இன்று ஒரு திருத்தமும் ஒரு பழைய கதையும்.

கேட்டவருக்குத் தனியே எழுதியபோது, எங்கள் பாட்டையா 1911இல் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னார் வழியாகக் கொழும்புக்குப் போனதாக எழுதியிருந்தேன். அது தவறு. பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது அதே ஆண்டு மார்ச் 1இல். அப்படியென்றால் 1911இல் போனவர் தூத்துக்குடியிலிருந்துதான் கொழும்புக்குக் கப்பலேறியிருக்க வேண்டும். நேற்று மாடி அறைப் பெட்டகத்தில் இருந்த பழைய பேரேட்டைப் புரட்டினோம். 'தூத்துக்குடி வழிச் செலவு' என்று ஒரு வரி அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. தனுஷ்கோடி வழியாகப் போனவர் அவர் மகன், அதாவது என் ஐயா (அப்பாவின் அப்பா).

ஐயா 14 வயதில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக)க் கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்த கடைக்குப் போனவர். பிறகு மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், அதன் பிறகு கடையை நடத்தும் மேலாள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புவார். தனுஷ்கோடியில் ரயிலிலிருந்து இறங்கினால் எதிரிலேயே கப்பல் நிற்கும், தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே ரயில் நிற்கும் என்று சொல்வார். ஒரே சீட்டில் சென்னையிலிருந்து கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடி, 1980களில் அதுவும் நின்றது.

ஆத்தாவை இந்தப் பயணத்துக்கு இணங்கவைத்தது அந்த நினைவுதான். ஐயா கப்பலுக்குப் போகும்போதெல்லாம் சம்படத்தில் மனகோலம் போட்டுக் கொடுத்தனுப்பியது எங்கள் அப்பத்தா. மருமகளாக வந்தபின் அதைக் கிண்டிக் கொடுத்தது ஆத்தா. ஆனால் கப்பல் எப்படி இருக்கும் என்று அவர்கள் இருவருமே கண்டதில்லை. பெட்டி கட்டிக் கொடுத்ததோடு சரி. இப்போது அந்தச் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாமே கடலைக் கடந்தார்கள். பாதையின் மேல் நின்றபோது அதைத் திறந்து, மீன்பெட்டிக்காரருக்கும், மருத்துவமனைக்குப் போன முதியவருக்கும், கட்டை வைத்தவருக்கும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். "இது பயற்றம் உருண்டையோ?" என்று முதியவர் கேட்டார். ஆத்தா அதில் சேர்ந்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, வெல்லப்பாகு எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் ஊர்காவற்றுறை வந்துவிட்டது.

2025 ஏப்ரல் 4

நயினாதீவு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறை வரை வண்டி போகும், இடையில் கடலை அணைத்துப் போட்ட நீளமான சாலை இருக்கிறது. குறிகட்டுவானில் வண்டியை விட்டுவிட்டு விசைப்படகு. நாகபூசணி அம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு துறை, நாகவிகாரை என்ற பௌத்தக் கோயிலுக்கு முன்னால் ஒரு துறை என்று தீவில் இரண்டு துறைகள் உண்டு. எங்கே இறங்குகிறோம் என்று கேட்டு ஏறினால் நடை மிச்சம். பெரும்பாலான படகுகளில் குனிந்து உள்ளே இறங்கித்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரரை உள்ளே அனுப்பாமல் வாயிலுக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்கும்படி படகோட்டியிடம் கேளுங்கள், செய்துகொடுக்கிறார்கள். மதியப் பூசை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் துறைக்கு வருவார்கள். அரை மணி நேரம் கோயிலிலேயே இருந்துவிட்டு வாருங்கள்.

2025 ஏப்ரல் 6

நெடுந்தீவைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். இது திறந்த கடல், பாதையைப் போல அமைதியானது அல்ல. ஆத்தாவை அன்று புங்குடுதீவில் எங்கள் ஓட்டுநரின் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனோம், திரும்பும்போது அழைத்துக்கொண்டோம். உங்கள் தாயாரையும் அப்படியே விட்டுச் செல்வதே நல்லது. அரிசி மூட்டை, எரிவாயு உருளை, சிமெண்டு, மோட்டார் சைக்கிள் என்று ஒரு ஊருக்குத் தேவையான அனைத்தும் அந்தப் படகுகளில்தான் போகின்றன.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த 'குமுதினி' என்ற படகில், கைக்குழந்தை உட்பட 20க்கு மேற்பட்ட பயணிகள் கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள் அதைப் பற்றித் தாமாகவே சொன்னார், நான் கேட்கவில்லை. சொல்லி முடித்தபின் கரை வரும் வரை பேசவில்லை. தீவின் குட்டையான குதிரைகளையும் பவளக்கல் வேலிகளையும் பார்க்கப் போகும் நாம், அந்தப் படகில் அவரவர்களுக்கு அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, சத்தமாகப் பாட்டு வைக்காமல் போனால் போதும்.

2025 ஏப்ரல் 20

கேட்டவர் பயணத்தை மே மாதத்திலிருந்து ஐப்பசிக்குத் தள்ளலாமா என்று கேட்கிறார். வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2023இல் தொடங்கிய வேகத்தில் கப்பல் நின்றது அதனால்தான். 2024இலும் நவம்பரில் நிறுத்தி, இவ்வாண்டு பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. கப்பல் ஓடினாலும் சிறு படகுகள் ஓடுமா என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். மே கடைசியிலிருந்து அங்கே 'சோளகம்' என்று சொல்லும் தென்மேற்குக் காற்று வலுக்கும். நெடுந்தீவுப் படகில் அப்போது தண்ணீர் மேலே தெறிக்கும் என்று சொன்னார்கள். ஆகவே மே முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதானால் மாசி, பங்குனி.

2025 மே 11

தேவகோட்டைக்காரர் போய்த் திரும்பிவிட்டார். வேனைச் சுற்றி அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு மேல் காரைநகர்த் துறையில் நடந்தே ஏறியிருக்கிறார்கள். தாயார் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பலகையைத் தாண்டிவிட்டார்கள், ஆனால் எதிர்க்கரைக்குப் போயிருந்த பாதை திரும்பி வரும் வரை 25 நிமிடம் நின்றதுதான் கால்வலிக்கு ஆகவில்லை என்று எழுதியிருக்கிறார். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு வேன் கதவைத் திறந்துவைத்து உட்கார இடம் இருந்ததால் அது தோன்றவே இல்லை. வேனை அனுப்பிவிட்டால் உட்காரும் இடமும் கூடவே போய்விடுகிறது. ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். மடக்கும் முக்காலி ஒன்றைக் கையோடு எடுத்துப்போகச் சொல்லி எழுதிவிடு, காரைக்குடிச் சந்தையிலேயே கிடைக்கும் என்றார்கள். எழுதிவிட்டேன்.